அக்கா தூங்கட்டும்

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் அறையின் கதவோரம் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் என்பதால், அக்காவின் பூனை அங்கேதான் நாள் முழுவதும் சுருண்டு கிடக்கும். இன்று அது தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்து, அக்கா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியனான தம்பி தன்னிடம் இருந்த சாவியால் ஓசைப்படாமல் வாசல் கதவைத் திறந்தான். அக்கா மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். பகலில்தான் மாடியில் தூங்குவாள். அவளை எழுப்பாமல் இன்வெர்ட்டரின் லித்தியம் பேட்டரியில் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றிவிட்டுப் போக வந்திருந்தான்.

போன வாரம் அவள் கெஞ்சியதால் ஆரம்பித்த வேலை இது. அந்த இன்வெர்ட்டர் பெட்டி நேரங்காலம் இல்லாமல் கத்துகிறது, கண்ணை மூடினால் காதுக்குள்ளேயே வந்து நிற்கிறது என்று புலம்பினாள். பேட்டரி சூடாகிறது என்று சொல்லும் மணி அது. அவன் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தான். சூடு தெரியவில்லை. சென்சார்தான் கெட்டிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

"உனக்குக் கோயிலே கட்டலாம்டா."

"கட்டு. கரண்ட் வேலையை மட்டும் என்கிட்ட குடுத்துடு."

களைத்த ஒரு உயிரைத் தூங்க வைத்த நிறைவோடு அன்றிரவு கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் படுத்தான்.

இப்போது கூடத்தில் ஒரு வாசனை, அழுகத் தொடங்கிய பழத்தின் தித்திப்பும் நகப்பூச்சின் நெடியும் கலந்ததுபோல, அடித்தொண்டையில் வந்து ஒட்டியது. படிக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று மெல்லிய சத்தம். நடுவில் ஏதோ வெடிப்பதுபோல ஒரு 'டொப்'.

மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை அணைத்தான்.

மின்விசிறி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? இப்போது அதைச் சுழற்றுவதே அந்த பேட்டரிதான். பேட்டரியின் சுவிட்ச் அந்த அறைக்குள். படிக்கு அடியில் இடம் சும்மாத்தானே கிடக்கிறது என்று சொல்லி அங்கே மாட்டியவனும் அவன்தான். மாடிக்கு வேறு வழி கிடையாது.

கதவில் உள்ளங்கையை வைத்தான். உடனே இழுத்துக்கொண்டான்.

கதவடியில் வெள்ளைப் புகை தவழ்ந்து வந்து அவன் பாதங்களைத் தொட்டது. பிறகு உள்ளே போயிற்று. மறுபடி வந்தது. போயிற்று. உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல.

திறந்தால் அதற்குக் காற்று கிடைத்து, ஒரே மூச்சில் வெடித்துவிடும். அவனுக்குத் தெரியும்.

மேலே கதவு திறந்தது. கலைந்த தலையோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அக்கா படியின் உச்சியில் நின்றாள். எத்தனையோ மாதக் களைப்பு முகத்திலிருந்து வடிந்திருந்தது.

"நீயாடா? இந்த ஒரு வாரமாத்தான் நிம்மதியாத் தூங்கறேன். ஒரு சத்தம் இல்ல."

மாடி ஜன்னல்களில் எல்லாம் கம்பி.

வராதே என்பதா? ஓடி வா என்பதா?



புகை உள்ளே போயிற்று. இந்த முறை திரும்பி வரவில்லை.

மின்விசிறி நின்றது.

அக்கா சிரித்துக்கொண்டே முதல் படியில் காலை வைத்தாள்.