கேட்கும் திறன்: உச்சம்

டீ டம்ளரை மேசையில் வைத்தான் கோபி. அந்தச் சின்ன 'ணங்' சத்தத்துக்குத் திரையில் இருந்த ஜாம்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின.

அவன் மைக்கைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு எரிந்தால் மைக் ஊமை. இந்த அறையில் எழும் எந்தச் சத்தமும் கேமுக்குள் போகாது. தற்செயலாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியை முன்னே இழுத்தான். அதன் கால் தரையில் கிறீச்சிட்டது.

ஜாம்பிகள் இன்னும் கொஞ்சம் திரும்பின.

சனிக்கிழமை சாயங்காலம். அப்பாவும் அம்மாவும் திருவேற்காட்டில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். காலையிலிருந்து விடாத மழையில் சென்னீர்குப்பம் பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டது. ஈரம் ஏறிய சுவரின் பூஞ்சை வாசனையும், காயாத துணிகளின் வாசனையும், சூடேறிய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாசனையும் கலந்து கூடத்தில் கனத்துக் கிடந்தன.

"கோபி, எங்கடா கீற?" ஹெட்போனில் தேவா கேட்டான். "நாங்க மெடிக்கல் ஷாப் மாடில கீறோம். சீக்கிரம் வா."

'மைக் ரிப்பேர். வரேன்' என்று டைப் செய்தான் கோபி. மைக் ரிப்பேர் இல்லை. அவன் வரப்போவதும் இல்லை.

மூன்று பேர் சேர்ந்து ஆடும் கேம் அது. பாழடைந்த ஒரு ஊரில் சாப்பாடு தேட வேண்டும், ஒளிய வேண்டும், ஜாம்பிகள் கையில் சிக்காமல் உயிரோடு இருக்க வேண்டும். கேம் ஓடுவது கோபியின் கம்ப்யூட்டரில். ஜாம்பிகளுக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு பார்வை, எவ்வளவு காது என்பதை நிர்ணயிக்கும் பக்கம் அவன் ஒருவனுக்குத்தான் திறக்கும். மற்ற இரண்டு பேருக்கும் அது கண்ணில்கூடப் படாது.

தேவா பக்கத்துத் தெரு. பள்ளிக்கூட நாளிலிருந்து கோபி ஒருவனைத்தான் அவன் 'மாமே' என்று கூப்பிட்டான். இன்டர்நெட் லைன் இழுக்கும் வேலையில் வானகரத்து ஃபிளாட் ஒன்றுக்குப் போனவன், அங்கே விஷாலைப் பிடித்துக்கொண்டான். கோயம்புத்தூர்க்காரன், ஐ.டி. வேலை, மஞ்சள் மழைக்கோட்டு, புது பைக். ஒரே மழைக்காலத்துக்குள் 'மாமே' வானகரத்துக்குக் குடிபோய்விட்டது. கோபி வெறும் கோபி ஆகிவிட்டான்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு கோபி அந்தப் பக்கத்தைத் திறந்தான். வேகத்தைத் தொடவில்லை. பார்வையைத் தொடவில்லை. கேட்கும் திறனை மட்டும் கடைசிவரை தள்ளினான். அதன் கீழே ஒரு கட்டம். ஆடுகிறவன் மைக்கில் பேசும் நிஜக் குரலும் ஜாம்பிகளுக்குக் கேட்க வேண்டுமா என்று கேட்டது. வேண்டும் என்று டிக் வைத்தான்.

விஷால் சிரித்தால் தகரத்தில் ஜல்லி கொட்டியது போல இருக்கும். அது போதும். தெரு கிரிக்கெட் காலத்திலிருந்து வந்த சட்டம் ஒன்று இவர்களிடம் உண்டு. செத்தவன் ஒரு மாதம் வெளியே. ஒரு மாதம் விஷால் இல்லாத கேம். ஒரு மாதம் தேவாவும் அவனும் மட்டும்.

"மாமே, அந்தக் குண்டு ஜாம்பியப் பாரு," என்றான் தேவா. "எங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரியே நடக்கறான். லீவு கேட்டா செருப்பக் கழட்டுவான்."

விஷால் வெடித்துச் சிரித்தான். "டேய், சிரிக்க வைக்காதடா, வயிறு வலிக்குது!"

கேமுக்குள் கோபி ஒரு தகரக் கொட்டகையில் பதுங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தான். தெருக்கோடி இருட்டு அசைந்தது. அப்போது ஹெட்போனில் ஒரு குக்கர் விசில். விஷாலின் மைக்கில் கேட்டது. அதே நொடியில், அதே விசில், தேவாவின் மைக்கிலும் கேட்டது.

இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

வீட்டில்தான் இருப்பேன் என்று தேவா காலையில் சொன்னான். அவன் விஷாலின் ஃபிளாட்டில் உட்கார்ந்து, விஷாலின் வீட்டுச் சோறு வேகும் சத்தத்தில், விஷாலோடு ஆடிக்கொண்டிருக்கிறான். கோபியை யாரும் கூப்பிடவில்லை.

சாவட்டும் என்று நினைத்தான்.

ஜாம்பிக் கும்பல் படியேறியது. விஷால் கத்தினான், விழுந்தான். "ஓடிடுடா தேவா!" தேவா ஓடவில்லை. "உன்ன உட்டுட்டு எங்கடா போவேன்," என்று கத்திக்கொண்டே அவனும் கும்பலுக்குள் குதித்தான். திரையில் இரண்டு பெயர்களும் அணைந்தன.

தேவாவின் குரல் ஹெட்போனில் வந்தது.

"டேய் கோபி. செட்டிங்ஸ்ல கைய வெச்சியா?"

'இல்லை.'

"பொய் சொல்லாதடா. நாங்க பேசினா திரும்புதுங்க. நான் பார்த்தேன்."

"விடுடா, கேம்தானே," என்றான் விஷால்.

"கேம் இல்ல மாமே இது. அவனுக்கு மனசுல இன்னாவோ கீது." தேவாவின் குரல் தணிந்திருந்தது. அதுதான் அதிகம் வலித்தது. "இரு கோபி, ஊட்டுக்கே வரோம். நேர்ல சொல்லு."

தொடர்பு அறுந்தது.

ஆளில்லாத அந்த ஊரைக் கோபி வெறித்தான். ஜாம்பிகள் மெடிக்கல் ஷாப்பை விட்டு இறங்கின, ஆனால் அவன் பதுங்கிய கொட்டகைப் பக்கம் வரவில்லை. நடுத்தெருவில் வரிசையாக நின்றன. எல்லா முகமும் திரைக்கு நேராக.

அவன் எச்சில் விழுங்கினான். அவை ஓர் அடி முன்னே வந்தன.

படக்கென்று கரண்ட் போயிற்று. ஃபேன் முனகி நின்றது. மேசைக்கடியில் யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. பீப். கொஞ்சம் இடைவெளி. பீப்.

ஹெட்போனைக் கழற்றினான். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மழை கேட்டது. ஓடையாய்ப் போகும் தண்ணீர் கேட்டது. லாரி கேட்கவில்லை. பெங்களூர் ஹைவே வீட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அவன் பிறந்த நாளிலிருந்து அந்த இரைச்சல் நின்றதே இல்லை. தீபாவளியன்றும் நிற்காது, வெள்ளத்தின்போதும் நின்றதில்லை. இப்போது அங்கே ஒரு ஹாரன்கூட இல்லை.

ஜன்னலுக்குப் போனான். கொசுவலைக்கு அப்பால் தெரு சாம்பல் நிறத்தில் நனைந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டுக் கோமளா அக்கா தெருவில் நின்றிருந்தாள். குடை அவள் காலடியில் மல்லாந்து கிடந்து, அதில் மழை நிரம்பி வழிந்தது. அவளுக்குப் பின்னால் இஸ்திரி போடும் பச்சையப்பன். அவருக்குப் பின்னால் கோணிப்பையைத் தலையில் போட்டபடி யாரோ. இன்னும் பின்னால், தெருமுனைவரை, ஆட்கள். ஒருவரும் மழைக்கு ஒதுங்கவில்லை. முகத்தைத் துடைக்கவில்லை. கண்கள் மூடியிருந்தன.

பீப்.

தெரு முழுவதும் ஓர் அடி எடுத்து வைத்தது.

பீப்.

இன்னோர் அடி. அத்தனை பாதங்களும் தண்ணீரில் ஒன்றாக விழுந்தன.

கோபி முழங்காலில் விழுந்து மேசைக்கடியில் பாய்ந்தான். இருட்டில் விரல்கள் ஒயரில் சிக்கின. பீப். பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரை செத்தது. கூவல் நின்றது.

எட்டிப் பார்த்தான். தெருவும் நின்றிருந்தது. கோமளா அக்கா இப்போது இவன் வீட்டுக் கேட்டை ஒட்டி.

செட்டிங்ஸை இறக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வேண்டும். யு.பி.எஸ்.ஸைத் தொட்டால் கூவும். அவன் கையை மெல்ல மடக்கிக்கொண்டான்.

ஃபோனை எடுத்தான். தேவாவுக்கு, 'வராதே' என்று அனுப்பினான். போய்ச் சேர்ந்தது. தேவா இன்னும் பார்க்கவில்லை. ஃபோனை மெல்ல மேசைமேல் வைத்தான்.

தூரத்தில் பைக்.

அத்தனை தலைகளும் தெருமுனைப் பக்கம் திரும்பின. விளக்கு மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. புது பைக். மஞ்சள் மழைக்கோட்டு. ஹெல்மெட். பின்சீட் காலி.

விஷால். தனியாக. தேவா அவனைத் தூது அனுப்பியிருக்கிறான்.

ஒரு கத்தல் போதும். 'திரும்பிப் போடா' என்று இரண்டு வார்த்தை. கத்தினால் இவர்கள் இந்தப் பக்கம் திரும்புவார்கள், அவ்வளவுதான். அவன் பைக்கைத் திருப்ப நேரம் கிடைக்கும். கோபி வாயைத் திறந்தான். தகரத்தில் ஜல்லி கொட்டும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. குக்கர் விசில் நினைவுக்கு வந்தது.

வாயை மூடிக்கொண்டான்.

பைக் நின்றது. கூட்டம் வழிவிட்டு, பிறகு வளைத்துக்கொண்டது. மழைக்கோட்டுக்காரன் சுற்றிலும் பார்த்தான். "இன்னாக்கா, மழையில நின்னுகினு கீறீங்க? யாருக்கு இன்னா ஆச்சி?" என்றபடி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

தேவா.

மழைக்கோட்டு மட்டும்தான் விஷாலுடையது. பைக் மட்டும்தான்.

"கோபி! உள்ள கீறியா? ஒண்ணும் ஆவலியே உனக்கு? கதவத் தொறடா!"

கோபி கத்த நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். அவன் உள்ளங்கையே அவன் வாயை அழுத்திக்கொண்டிருந்தது.

வெளியே கத்தலும் இல்லை. ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு சத்தம். நீளமாக. பிறகு மழை.

கூட்டம் விலகியபோது தேவா எழுந்து நின்றான். கோமளா அக்காவுக்குப் பக்கத்தில், வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு. மஞ்சள் கோட்டு ஒரு தோளில் மட்டும் தொங்கியது.

மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. மரப்பலகையில் 'ர்ர்ர்' என்று. திரையில் விஷாலின் பெயர்.

கோபி அதன்மேல் பாய்ந்து அமுக்கினான்.

தெரு திரும்பிவிட்டது.

கேட் திறந்தது. யாரும் ஓடவில்லை, முண்டியடிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் தேவா வந்தான். மற்றவர்களை விலக்கிக்கொண்டு, வழி தெரிந்தவனாக, துளசி மாடத்தைச் சுற்றி, நேராக ஜன்னலுக்கு வந்தான். வேறு யாரையும் தேடி வரவில்லை. கோபியைத் தேடித்தான் வந்தான்.

கோபி சுவரோடு ஒட்டி நின்றான். மூச்சை நிறுத்தினான்.

தேவா தலையைச் சாய்த்தான். காதைக் கொசுவலையில் வைத்தான்.

எந்தச் சத்தமும் இல்லை. கோபியின் நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது.

அது அடிக்கும்போதெல்லாம், வலை உள்பக்கமாக இன்னும் கொஞ்சம் புடைத்தது.