ஐந்து மணிக் கட்டம்

ஒன்பதாம் நம்பர் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் ஐந்து மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் அப்போது இரண்டரைதான். கட்டிலில் ஆறு நாளாக யாருமே இல்லை. விசாரணை முடியும்வரை எந்தப் பிள்ளையையும் போட வேண்டாம் என்று மெத்தையைச் சுருட்டிவைத்து, பச்சைத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

பெயர் எழுதும் இடம் காலி. நாடி 104. நான்கின் வாலை நீட்டி இழுக்கும் அந்தக் கையெழுத்து அறிவுச்செல்வியுடையது. பழைய அட்டையை விசாரணைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இந்தப் புது அட்டையை அவள் தொட்டதுகூட இல்லை.

அவள் குழந்தை மருத்துவ மேற்படிப்பில் முதல் வருஷம். டெங்கு சீசனில் அந்தச் சேலத்து வார்டில் அறுபது பிள்ளைகள். மணிக்கொரு தரம் ஒவ்வொருவருக்கும் நாடி பிடித்து எழுதுவது முதல் வருஷத்தின் தலையெழுத்து. முடியாத நாளில் வரப்போகும் மணிகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவைத்துவிடுவார்கள். எந்தப் பேராசிரியரும் நடத்தாத, ஆனால் எல்லோரும் தேறிவிடுகிற பாடம் அது. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் மூன்றாம் வருஷ ஸ்ரீதேவி. குமாரபாளையத்துக்காரி. தன் டிபன் பாக்ஸில் பாதியை எடுத்துவைத்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்ட அக்கா.

போன திங்கட்கிழமை, முப்பது மணி நேரம் உட்காராமல் நின்றவளைத் தோளில் தட்டி ஸ்ரீதேவி சொன்னாள்:

"அஞ்சு வரைக்கும் எழுதி வெச்சுட்டுப் போயிச் சாப்புடு சாமி. ஒம்பதை நான் பாத்துக்கறேன்."

நம்பினாள். எழுதினாள். போனாள்.

அக்கா பார்க்கவில்லை. நாலு பத்துக்கு ஒன்பதாம் கட்டிலில் மாதேஷ் இறந்தான். கெங்கவல்லி ஊர்ப் பையன், ஏழு வயசு. வந்த முதல் நாள் ஊசிக்கு அழுதவனை அடக்க, அறிவுச்செல்வி அவன் இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் வைத்து நாடி எண்ணச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இருபதுக்கு மேல் தப்பிவிடும். சிரித்துக்கொண்டே மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். பிள்ளை இறந்தால் மிச்சக் கட்டங்களில் சிவப்புக் கோடு இழுப்பது வழக்கம். அவன் அட்டையில் இழுக்க முடியவில்லை. இறந்து ஐம்பது நிமிஷம் கழித்தும் ஐந்து மணிக் கட்டத்தில் அவன் நாடி துடித்துக்கொண்டிருந்தது.

அவன் அம்மா ஜோதி அழக்கூட இல்லை. "கை சில்லுன்னு ஆனப்பவே கூப்புட்டிருப்பேன் டாக்டரம்மா. அஞ்சு மணி வரைக்கும் நல்லா இருக்குதுன்னு நீங்க எழுதியிருந்தீங்களே."

இன்று மூன்று மணிக்குத் திரைக்குப் பின்னால் ஏதோ பொத்தென்று விரிந்தது. சுருட்டிய மெத்தை தானாக அவிழ்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வார்டே சுருண்டு கிடந்தது. தாய்மார்கள் பிள்ளைகளின் காலடியில் தலைசாய்த்துத் தூங்க, ஸ்பிரிட் வாடையும் ஆறிய கஞ்சி வாடையும் கலந்த காற்றை மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டே திரும்பத் திரும்ப அவள் முகத்தில் தள்ளியது. அதற்கு நடுவே ஒரு மெல்லிய முணுமுணுப்பு. சின்னக் குரல். எதையோ எண்ணுகிற மாதிரி.

நான்கு மணிக்கு ஸ்ரீதேவி தட்டச்சு செய்த தாளுடன் வந்தாள். 'யாரும் சொல்லாமல் நானாகவே முன்கூட்டி எழுதினேன். ஒன்பதாம் கட்டில் முழுக்க என் பொறுப்பு.'

"கையெழுத்துப் போட்டுரு. மொத வருசத்தை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எனக்கு அடுத்த மாசம் பரீட்சை."

"அக்கா, நீங்கதானுங்களே எழுதி வெக்கச் சொன்னீங்க?"

"நான் எப்ப சாமி சொன்னேன்?"

கண் இமைக்கவில்லை. அதே குரல், அதே செல்லமான 'சாமி'. அறிவுச்செல்வி தாளை மறுபடி படித்தாள். அப்போது ஊட்டியது சோறா, இதற்கான முன்பணமா? கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அக்கா சொன்னதை எழுதியே பழகிய கை அது. போட்டுவிட்டது.

ஸ்ரீதேவி தாளை மடித்துக்கொண்டு போனாள். திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு நின்றது.

மணி ஐந்து.

திரை அசைந்தது. விசிறிக் காற்றுதான். விசிறி நின்றிருந்தது.

போகாதே என்று மனசு சொன்னது. ஒன்பதாம் கட்டில் முழுக்க அவள் பொறுப்பு. எழுதிக் கொடுத்தாயிற்று. போனாள். திரையை விலக்கினாள்.

மெத்தை விரிந்திருந்தது. மாதேஷ் படுத்திருந்தான். நீலம் பாரித்த உதடு. மூடிய கண்.

பழக்கம் விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. அதற்குள் துடிப்பு. ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினாள். நூற்று நான்கு.

அவன் கண்ணைத் திறந்தான். கோபமே இல்லை. அவள் கையைப் புரட்டி, சொல்லிக்கொடுத்த இடத்திலேயே இரண்டு விரலை வைத்தான்.

"ஒண்ணு. ரெண்டு."

இழுத்தாள். கை வரவில்லை. கத்தினாள். சத்தமும் வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு தாய் கொட்டாவி விட்டாள்.

இருபது தாண்டியது. தப்பவில்லை.

அட்டை அவள் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. பெயர் இடம் இப்போது காலியில்லை. அறிவுச்செல்வி. ஸ்ரீதேவி அக்காவின் வடிவான கையெழுத்து. ஆறு மணிக் கட்டத்தில் சிவப்புக் கோடு.

"நூத்தி ரெண்டு. நூத்தி மூணு."

விரல்கள் இறுகின.

"நூத்தி நாலு" என்றான் மாதேஷ். கையை விடவில்லை. எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.