பால்கனிக் கோப்பை

காலையில் எழுந்ததும் ஷோகேஸைத் துடைப்பது சுகந்தியின் வழக்கம். உள்ளே ஒரு செட் பீங்கான் தட்டுகள். எல்லாம் பால் வெள்ளை, ஒன்றில்கூடப் பூவில்லை. மாலையில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த வெள்ளைதான் அவளுக்குக் கவலை.

ஜாதகம் பார்ப்பதெல்லாம் போய், தட்டுப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. பீங்கானுக்கெல்லாம் இப்போது உணர்மெருகுதான் பூசுகிறார்கள். சூடாக எதையாவது வைத்துக்கொண்டு பக்கத்தில் பேசினால், அந்தப் பூச்சு குரலை உள்வாங்கிக்கொள்ளும். அன்பாகப் பேசினால் நீலக் கொடி படரும். எரிந்து விழுந்தால் பழுப்புக் கீறல் ஓடும். தேய்த்தாலும் போகாது, திருட்டுத்தனமாக வரையவும் முடியாது. ஒரு வீட்டின் யோக்கியதை அதன் தட்டில் தெரியும் என்று ஊரே நம்பியது.

சுகந்தி வீட்டில் என்ன செய்தார்கள்? விலை உயர்ந்த செட் ஆயிற்றே, விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பூட்டிவைத்துவிட்டு, எவர்சில்வர் தட்டிலேயே காலத்தை ஓட்டினார்கள். எத்தனை மெருகு கண்டுபிடித்தாலும், நல்ல பாத்திரத்தைப் பூட்டிவைக்கும் பழக்கத்தை மட்டும் நம்மவர்கள் விடமாட்டார்கள்.

"இந்த வீட்ல யாரும் பேசிக்கவே மாட்டாங்கன்னு நினைப்பாங்கம்மா," என்றாள் மகள் நறுமுகை. அவளுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. அவன் அம்மா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. "பால்கனில ஒரு கப் இருக்குல்ல, அதுல காபி குடு."

அது வீட்டு வேலை செய்யும் தேவானையின் பீங்கான் கோப்பை. வேலை முடிந்ததும் தேவானை பால்கனியில் உட்கார்ந்து அதில் காபி குடிப்பாள். சுகந்தி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி எவர்சில்வர் டம்ளரில் குடிப்பாள். முட்டி வலியிலிருந்து மாமியார் கதைவரை இருவரும் பேசிச் சிரிக்காத விஷயம் இல்லை. கோப்பையின் விளிம்பிலிருந்து அடிவரை கொடி பின்னிப் படர்ந்திருந்தது, இலைக்கு இலை மொட்டு.

சுகந்தி அதைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மாலையில் காபியைக் கையில் வாங்கியதும் பையனின் அம்மா பத்மாசனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா! இப்படி ஒரு கொடியை நான் பார்த்ததே இல்லை. உங்க கப்பா, சம்பந்தி?"

சம்பந்தி என்றே சொல்லிவிட்டாள்! ஆமாம் என்றால் கல்யாணம் நிச்சயம். நறுமுகை கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் சமையலறை வாசலில் தேவானை பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தாள். அவளை எதிரே வைத்துக்கொண்டு அந்தப் பொய் சுகந்தியின் வாயில் வரவில்லை.

"இல்லைங்க. எங்க வீட்ல வேலை பாக்குற தேவானையோடது. பால்கனில தனியா வச்சிருப்போம்."

உதடுவரை போன கோப்பை மேஜைக்குத் திரும்பியது. பத்மாசனி புடவைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்," என்று எழுந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் போனதும் நறுமுகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுகந்திக்குப் பத்மாசனி மேல் ஆத்திரம் பொங்கியது. என்ன மனுஷி இவள் என்று திட்ட வாயெடுத்தவளுக்கு, காலையில் தான் கழுவிய கழுவல் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் தானும் அந்தக் கோப்பையில் ஒரு வாய் குடித்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஆறிப்போன காபியை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

வெறும் கோப்பையோடு சமையலறைக்குப் போனாள்.

"தேவானை, உன் கப்ல இன்னிக்கு நான் குடிச்சிட்டேன்," என்றாள், ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட குரலில்.

தேவானை அதைக் கையில் வாங்கவில்லை. குழாயை மட்டும் திறந்துவிட்டாள்.

"கழுவிக் குடுங்கம்மா."