ரஷீத் வைத்த பொட்டு

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்த மாடியில் காலை வைப்பதில்லை என்று தஸ்தகீர் பாய் வருஷக்கணக்காக வைராக்கியமாக இருந்தார். அந்தப் பக்கம் போனால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எழுந்த காக்காயோடுகூட அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவர், எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசியில், மப்பும் மந்தாரமுமான ஒரு மத்தியானம், ஸ்குரூ டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினார்.

அந்த மாடியில்தான் அப்துல் ரஷீதின் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை இருந்தது. தஸ்தகீரின் கடை அதே தெருவில் கீழே. வாய் திறக்காத ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் சனம், இவர் கடையைக் கண்ணாலும் பார்க்காமல் மாடி ஏறிப் போகும். ஒரு நாள் ரஷீத் வேலை செய்துகொண்டிருந்த மேஜையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை. பிற்பாடு அவனுடைய விதவை வஹிதாவைத் தஸ்தகீர் நிக்காஹ் செய்துகொண்டார்.

நிக்காஹ் செய்துகொண்டாரே தவிர, செத்தவனை மன்னிக்கவில்லை. அவன் சரிசெய்த இஸ்திரிப் பெட்டி வீட்டில் சூடானால் இவருக்கு வயிறு எரியும். "அவுரு கை வெச்சா ஊமை ரேடியோவும் பேசும்" என்று வஹிதா என்றைக்கோ ஒரு தடவை வாய்தவறிச் சொன்னதை, மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார். அந்தப் பொறாமையைத் தூக்கிப்போய் சித்தேரி மலைக்குப் பக்கத்தில் வைத்தால், மலை வெட்கப்பட்டுக் குனிந்துகொள்ளும்.

இப்போது மாடியில் சகாயமேரி டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். டீச்சரின் தம்பி பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அது வந்த அன்று அரூர் பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் பார்க்க இறங்கிவிட, டிரைவர் காலி பஸ்ஸை ஓட்டிப்போனார். டைப்பில் ஹையர் பாஸ் செய்திருந்த வஹிதாவைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வைத்துக்கொள்வதாக டீச்சர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை திறப்பு விழா. ஆனால் திரையில் படம் நிற்கவில்லை. வருகிறது, போகிறது. நிற்காவிட்டால் பெட்டி பெங்களூருக்குத் திரும்பிவிடும். வஹிதாவின் வேலையும் கூடவே போய்விடும்.

"நீங்க வந்து பாக்கக் கூடாதுங்களா?" என்று அன்று மத்தியானம் சோறு போடும்போது கேட்டாள் வஹிதா. பிறகு சுவரைப் பார்த்தபடி, "அவுரு இருந்திருந்தா..." என்றாள்.

அவள் முடிப்பதற்குள் தஸ்தகீர் செருப்பை மாட்டிவிட்டார்.

"வாங்க பாய்," என்றார் டீச்சர். "இந்தச் சனியன் என் மானத்த வாங்குது."

கூடத்தில் மெஷின் எண்ணெய் வாடை. டைப்ரைட்டர்கள் எல்லாம் கறுப்பு உறை போர்த்திக்கொண்டு, துக்க வீட்டுப் பெண்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூலையில் பழைய வேலை மேஜை ஒன்று. அதில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் சுட்ட தழும்புகள். யாருடைய மேஜை என்று தஸ்தகீர் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் என்பது எழுத்துக் கட்டைகள் பதித்த ஒரு தட்டைப் பெட்டிதான். படத்துக்கு டீச்சர் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியை ஒயரால் சேர்த்திருந்தார்கள். பின்னாலேயே வந்திருந்த வஹிதா உட்கார்ந்து தன் பேரை அடித்தாள். எழுத்துகள் பளிச்சென்று வந்தன. கண் சிமிட்டின.

போய்விட்டன.

"ஒயரு லூசு," என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார் தஸ்தகீர்.

குறை எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் ரிப்பேர்காரன் வழி. ஒயரை மாற்றினார். பிளக்கை மாற்றினார். டிவியின் தலையில், பிடிவாதக்கார மாப்பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டினார். படம் போய்ப் போய் வந்தது. ஒன்று மட்டும் அவருக்கு உதைத்தது. ஒயர் விட்டுப்போனால் திரையில் இரைச்சலோடு வெள்ளை மழை பெய்ய வேண்டும். இங்கே மழையும் இல்லை, இரைச்சலும் இல்லை. கிணற்றுக்குள் பார்த்த மாதிரி சுத்த இருட்டு.

கடைசியில் மாற்றிப் பார்க்க மிச்சம் இருந்தது உட்காரும் ஆள்தான்.

டீச்சர் உட்கார்ந்தார். படம் ஆணி அடித்தது போல நின்றது. தஸ்தகீர் உட்கார்ந்தார். நின்றது. வஹிதா உட்கார்ந்தாள்.

இருட்டு.

"அது என்னா பாய், உங்கூட்டுக்காரிய மட்டும் அதுக்கு ஆவலையா?" என்று சிரித்தார் டீச்சர். தஸ்தகீர் சிரிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிவியின் முதுகுப் பலகையைக் கழற்றத் திருப்பினார்.

ஒவ்வொரு ஸ்குரூவின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

அவருக்குத் தெரியாத பொட்டா? ரஷீதுக்கு அது ஒரு கிறுக்கு. அவன் திறந்து மூடிய எதையும் இன்னொருவன் திறக்கக் கூடாது. திறந்தால் தெரிய வேண்டும் என்று ஸ்குரூ தலையில் நகப்பாலிஷ் வைத்து முத்திரை போடுவான். அந்தக் குப்பி வஹிதாவின் கல்யாணத்துக்கு வந்தது. பூச்சுக்கடியில் தண்ணீர் போகாது, தொழுகைக்குக் கை கழுவ ஆகாதென்று அவள் பூசாமல் வைத்திருந்ததை அவன் கடைக்கு எடுத்துப் போய்விட்டான். "நான் வெச்ச பொட்டு வெச்சபடி இருக்கணும்" என்பான். தஸ்தகீர் நிக்காஹ் முடிந்த கையோடு அந்தக் குப்பியைத் தேடிப்பிடித்துச் சாக்கடையில் எறிந்தவர்.

"இது அவன் கடைசியா பாத்த டிவிங்களா, டீச்சர்?"

"ஆமாங்க. இதை மூடிட்டுத்தான் சாஞ்சாரு."

தஸ்தகீரின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. ஸ்குரூ டிரைவர் முனையால் பொட்டுகளை ஒவ்வொன்றாக, ரசித்து ரசித்து, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவது போலச் சுரண்டினார்.

"சொரண்டாதீங்க," என்றாள் வஹிதா மெதுவாக.

"ஏன், வலிக்குதா?" என்றார் அவர்.

உள்ளே ஒரு பழுதும் இல்லை. ஒவ்வொரு ஈயப் பற்றும் முத்து முத்தாக, வெறுப்பேற்றும் அழகோடு இருந்தது. ஆனாலும் ஒயர் சேரும் இடத்தைத் தன் கையால் ஒரு தடவை பற்றவைத்தார். சூட்டுக்கோலை ஆறவைத்து, பலகையை மூடாமலே டிவியை முன்பக்கம் திருப்பி, பிளக்கைப் போட்டார்.

படம் வந்தது. வஹிதா உட்கார்ந்தாள். போனது.

கறுத்த கண்ணாடியில் கூடம் முழுக்கத் தெரிந்தது. வஹிதாவின் முகம். அவளுக்குப் பின்னால் டீச்சரின் மூக்குக்கண்ணாடி. ஓரத்தில் இவருடைய தாடி.

மூலை மேஜையில், குனிந்த ஒரு தலை.

தஸ்தகீர் திரும்பினார். மேஜை காலியாக இருந்தது.

படம் வந்தது. எழுத்துகள் சாதுவாகச் சிமிட்டின. மறுபடியும் போனது.

குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது.

அறையில் ஈயம் பற்றவைக்கும் புகை வாடை எழுந்தது. இவருடைய சூட்டுக்கோல் சில்லிட்டுக் கிடந்தது. புகைக்கு நடுவே மெல்லிய மல்லிகை அத்தர். அந்த அத்தரைத் தஸ்தகீர் பூசுவதில்லை. அதைப் பூசிய ஆளை அவருக்குத் தெரியும்.

"டீச்சர்," என்று கிசுகிசுத்தார், "உங்களுக்கு எதாச்சும்..."

"படந்தான் போவுது பாய். வேற என்னா?"

மறுபடி இருட்டு. மூலையில் இப்போது யாரும் இல்லை.

வஹிதாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தான்.

தஸ்தகீரின் முதுகெலும்பில் சித்தேரி மலைத் தேள்களெல்லாம் ஊர்ந்தன. ஆனால் அவர் கால்கள் ஓடாமல் நின்றதற்குக் காரணம் தைரியம் இல்லை. கண்ணாடியில் அவர் பார்த்தது வேறு. வஹிதா நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டு, காதோர மயிரை ஒதுக்கிக்கொண்டாள். இவர் வீட்டுக்கு வந்த நாளாக அவள் இவருக்காக அப்படி ஒதுக்கியதில்லை.

"யாரப் பாக்கற?"

"கண்ணாடியத்தாங்க," என்றாள். குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

பயம் போன இடம் தெரியவில்லை. தஸ்தகீர் பிளக்கைப் பிடுங்கினார். பலகையை வைத்து ஸ்குரூக்களை மணிக்கட்டு நோக முறுக்கினார். டைப்பில் விழும் தப்பெழுத்தை மறைக்க டீச்சர் வைத்திருந்த வெள்ளை மைக் குப்பியை எடுத்து, ஒவ்வொரு தலையிலும் பெரிய பெரிய பொட்டாகக் குழைத்து வைத்தார்.

"இனிமே இது என் வேலை," என்றார், யாரும் இல்லாத மூலையைப் பார்த்து.

பிளக்கைப் போட்டார்கள். படம் வந்தது. வஹிதா உட்கார்ந்தாள். தன் பேரை அடித்தாள். படம் நின்றது. டீச்சர் காப்பி வரவழைத்துக் குடித்து முடிக்கும்வரை நின்றது. அத்தர் வாடையும் இல்லை. டீச்சர் கைதட்டினார். வஹிதா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வர வேண்டிய பஸ் வராதவள் மாதிரி.

வீடு திரும்பும்போது தஸ்தகீர் நடக்கவில்லை, மிதந்தார். எதிர்ப்பட்ட ஆடுகளிடம்கூடச் செய்தியைச் சொன்னார்.

விளக்கேற்றும் நேரம். வஹிதா அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷ மிகுதியில் அவர் அவள் பின்னலை எடுத்து முன்னால் போட்டார்.

பிடரியில், மயிர் தொடங்கும் இடத்தில், ஒரு சிவப்புப் பொட்டு.

ரத்தமாக இருக்கும் என்று நினைத்தார். குனிந்தார். நகப்பாலிஷ் வாடை மூக்கில் ஏறியது. அதற்கடியில் மல்லிகை அத்தர்.

விரலை வைத்தார். ஈரமாக இருந்தது. கட்டைவிரல் நகத்தை மடக்கினார்.

வஹிதா திரும்பவில்லை. முறத்தில் அவள் கை மட்டும் நின்றது.

"சொரண்டாதீங்க," என்றாள்.