ஐந்து அங்குலம் குறைந்த திரைச்சீலைகள்

"ஐயா, என்னையத் திருடின்னு சொல்லிட்டாக!" என்றபடி ரிஸ்வானா உள்ளே வந்தபோது சேவுகப்பெருமாள் இரண்டாவது காபியில் இருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் சேதங்களை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறமாட்டார். பதறுகிற வேலையை மருமகள் ரோகிணி பார்த்துக்கொள்வாள்.

"யாரு சொன்னது? வாங்க, இப்பவே போவோம்!" என்று அவள் செருப்பைத் தேடினாள்.

ரிஸ்வானாவுக்குக் காரைக்குடியில் தையல் கடை. நாகம்மை ஆச்சி தம் பெரிய வீட்டை விடுதியாக்கியபோது, லினன் கலந்த பருத்தித் துணியில் பன்னிரண்டு திரைச்சீலைகள் தைத்துக் கொடுத்தாள். நீலமும் வெள்ளையுமாக அங்குலத்துக்கு ஒரு குறுக்குக் கோடு, ஒன்பதடி உயரம். சென்னை போயிருந்த ஆச்சி ஒரு வாரம் கழித்து வந்து மாட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம் குறைகிறது. துணியைச் சுட்டுவிட்டாள் என்று வேலையாட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். இந்தப் பேச்சு வெளியே போனால் அப்புறம் யார் அவளை நம்பித் துணி கொடுப்பார்கள்?

விடுதியில் மேலாளர் முத்துக்கண்ணன் அடித்துச் சொன்னார். "திரைச்சீலைக் கட்டு அலமாரியிலதான் இருந்துச்சு. ஒருத்தரும் தொடலை."

"மாமா, இவரு முழியே சரியில்லை" என்று ரோகிணி கிசுகிசுத்தாள்.

"உனக்கு யாரு முழிதான் சரியா இருந்திருக்கு?"

வெட்டியதில் மிஞ்சிய துண்டை ரிஸ்வானா கையோடு கொண்டுவந்திருந்தாள். சேவுகப்பெருமாள் அதில் இருபது கோடுகளை அளந்தார். சரியாக இருபது அங்குலம். திரைச்சீலையில் இருபது கோடுகளை அளந்தார். பத்தொன்பதுதான் வந்தது. பிறகு மூலையைத் திருப்பினார். செங்கல் நிறத்தில் மங்கலாக ஒரு புள்ளி. பன்னிரண்டிலும் இருந்தது.

ஆச்சியையும் முத்துக்கண்ணனையும் முகப்புக்கு அழைத்தார்.

"ஆச்சி, துணியை வெட்டி எடுத்தா கோட்டோட எண்ணிக்கைதான் குறையும். இங்க ஒவ்வொரு கோடுமே ஒடுங்கியிருக்கு. களவு போகலை, தண்ணி பட்டுச் சுருங்கியிருக்கு. ஊருக்குப் போகும் முன்ன புதுத்துணிக்கு மஞ்சள் வச்சீகளா?"

"வைக்காம இருப்பேனா? மூலையில தொட்டு வச்சேன்."

"மஞ்சள்ல சோப்புப் பட்டா சிவக்கும். துவைச்சவரு அதைப் பாத்து ரொம்பவே பயந்திருப்பாரு."

முத்துக்கண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "நான்தான் ஆச்சி. கறைன்னு நெனச்சுச் சோப்புப் போட்டேன். சிவந்துபோச்சு. வெந்நீர்ல முக்கி மெஷின்ல போட்டேன். நீங்க வந்தா என்னைய உரிச்சுருவீகன்னு வாயே தெறக்கலை."

ரோகிணி வெற்றியோடு மாமாவைப் பார்த்தாள். அவர் காணாததுபோல் டேப்பைச் சுருட்டினார்.

 ஆச்சி சமையல்காரர், டிரைவர், தோட்டக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"பின்னால சுருங்காம இருக்க, நனைச்சு வெட்டவான்னு இவ கேட்டா. மொடமொடப்புப் போயிரும்னு நான்தான் வேண்டாம்னேன். இவ ஒரு நூலு கூட எடுக்கலை. தப்பு என் மேல. ஆத்தா ரிஸ்வானா, மனசுல வச்சுக்காதே."

காலையிலிருந்து அழாமல் இருந்த ரிஸ்வானா அப்போதுதான் அழுதாள்.