முடிந்தால் திரும்பவும்

"முடிந்தால் திரும்பவும்..."

பெண் குரல். சுத்தத் தமிழ். காருக்குள்ளிருந்து வந்தது.

கேட்க வேண்டியவன் செத்துப்போயிருந்தான்!

கோலியனூர் தாண்டி ஓர் ஏரி. கரைச் சரிவில் இறங்கி, மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு நின்றது ஒரு வெள்ளை டாக்ஸி. ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தான் இருதயராஜ். வயது முப்பத்தாறு. திண்டிவனத்துக்காரன். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் மட்டும் தண்ணீருக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்தது.

"முடிந்தால் திரும்பவும்..."

2011 அக்டோபர். காலை ஆறரை மணி. முந்தின நாள்தான் ஆயுத பூஜை.

மிஷின் பேச்சைக் கேட்டு ஏரிக்குள் விட்டுவிட்டான் என்று கரையில் நின்ற கூட்டம் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஏட்டு மாசிலாமணிக்கும் அதே அபிப்பிராயம். இன்ஸ்பெக்டர் பரிமளா ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் மிஷின் பேட்டரி தீர்ந்து வாயை மூடிக்கொண்டது.

எட்டு மணிக்கு இருதயராஜின் மனைவி வேணி வந்தாள். கூட்டிவந்தவர் பாண்டுரங்கன். விழுப்புரத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். இருதயராஜ் தன் சொந்தக் காரை அவரிடம்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

வேணி அழவில்லை. புருஷனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். கடைசியாக அந்த மிஷினைப் பார்த்தாள்.

"மேடம்... நான்தான் கொன்னுட்டேன்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரேஷன் கார்டு நம்பர் சொல்வதுபோல் சொன்னாள்.

பரிமளா அவளை ஜீப்பில் உட்காரவைத்து விசாரித்தாள். விஷயம் இதுதான். பத்து நாள் முன்பு திண்டிவனத்தில் ஒரு கார் அலங்காரக் கடைக்கு இருதயராஜ், வேணி, பாண்டுரங்கன் மூன்று பேரும் போயிருந்தார்கள். இருதயராஜ் பெரிய திரை உள்ள ஜிபிஎஸ்ஸைத்தான் கையில் எடுத்தான். அது இங்கிலீஷ் மட்டும் பேசும். வேணி அதைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சின்னதைக் காட்டினாள். அது தமிழ் பேசும். காதால் கேட்டால் போதும், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம் என்பது அவள் கணக்கு. பாண்டுரங்கனும் தன் காருக்கு அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டார்.

"ஒரு வாரமா அவுரு சரியா சாப்புடல மேடம். பெருசு வாங்கித் தரலன்னு கோவமா இருக்காருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பெருசாவே வாங்கியிருந்தா இப்ப உசிரோட இருந்திருப்பாரில்ல?"

தெரியாத விஷயத்தில் ஆறுதல் சொல்லும் பழக்கம் பரிமளாவுக்கு இல்லை. போய்க் கண்ணாடியிலிருந்து மிஷினைக் கழற்றினாள். ஸ்டாண்டிலிருந்து உருவித் திருப்பினாள்.

திருப்பியவள் நின்றுவிட்டாள்.

மிஷினின் முதுகில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமப் பொட்டு!

திரையில் வைத்தால் கறை படியும் என்று பின்னால் வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் வெளியே தெரியாது.

"வேணி, நேத்து உங்க வீட்ல ஆயுத பூஜை போட்டீங்களா?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க மேடம். வண்டி வாங்கினப்ப ஃபாதர்தான் மந்திரிச்சுக் குடுத்தாரு. பொட்டு கிட்டு எதுவும் வெக்கறதில்ல."

பத்தடி தள்ளி பாண்டுரங்கன் யாருக்கோ போனில் சாவுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். பரிமளா மிஷினைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். நுரையீரலில் தண்ணீர் இல்லை. பின்மண்டையில் அடி. காருக்குள் உட்காரவைப்பதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது.

மாசிலாமணிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"கொலையா மேடம்! அப்ப பொட்டு வெச்ச மிஷின் அவனுது இல்லன்னா, அதை எதுக்கு மாத்தணும்?"

"இருதயராஜோட மிஷின்ல ஏதோ மாட்டிக்கினு இருக்கு. அதை அழிக்கத் தெரியல. கழட்டிட்டு விட்டா ஜிபிஎஸ் பார்த்து ஏரில வுட்டான்னு யார் நம்புவாங்க? அதான் பாண்டுரங்கன் தன்னுதை இதுல மாட்டிட்டு, இவனுதைத் தன் வண்டில வெச்சிருக்கான்."

பரிமளா அந்தக் கடைக்குப் போன் போட்டாள். ஒரே மாதிரி இரண்டு மிஷின், எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம் என்றார் கடைக்காரர். விற்கும்போதே வாங்குபவர் வீட்டை அதில் ஏற்றித் தருவது அவர் வழக்கம். 'வீடு' என்ற பட்டனை அமுக்கினால் யார் வீட்டுக்கு வழி சொல்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

சாயங்காலம் நாலு மணி. திண்டிவனத்தில் வேணியின் வீட்டு வாசல்.

இருதயராஜை வெள்ளைத் துணி விரித்த பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. பந்தல், நாற்காலி, பெரிய ரோஜா மாலை எல்லாமே பாண்டுரங்கன் உபயம். அவர் கார் வாசலை ஒட்டி நின்றது. கண்ணாடியில் ஜிபிஎஸ்.

பரிமளா அவரிடம் கார் சாவி கேட்டாள். உங்கள் மிஷின் வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் தாராளமாகக் கொடுத்தார். கூடவே வந்து நின்றார்.

"இது என்னுது மேடம். அன்னைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வாங்கினோம். வேணியையே கேளுங்க."

"கேக்கறேன்" என்ற பரிமளா 'வீடு' பட்டனை அமுக்கினாள்.

பாண்டுரங்கனின் வீடு விழுப்புரத்தில். முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

மிஷின் ஒரு வினாடி யோசித்தது. பிறகு சத்தமாக, தெளிவாக...

"உங்கள் வீடு வந்துவிட்டது."

பாண்டுரங்கன் ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் மாசிலாமணி நின்றிருந்தார்.

பரிமளா பழைய பயணங்களின் பட்டியலைத் திறந்தாள். பத்து நாளில் ஏழு தடவை, பாண்டிச்சேரி எல்லையில் கோட்டக்குப்பத்தில் ஒரே குடோன். அதற்கு மேல் பாண்டுரங்கன் மறைக்கவில்லை. சாமான் டெலிவரி என்று சொல்லி, திருட்டுத்தனமாகப் பாண்டிச்சேரிச் சாராயத்தைத்தான் இருதயராஜின் டிக்கியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். போன வாரம் அவன் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டான். நேற்று ராத்திரி, இனிமேல் ஓட்ட மாட்டேன், போலீசில் சொல்லிவிடுவேன் என்றான்; பின்மண்டையில் அடி விழுந்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் போனது அந்தப் பெட்டியால்தான்.

வேணி காரருகே வந்தாள். கதவு வழியாகக் கையை நீட்டி, அந்தச் சின்ன மிஷினை ஒரு விரலால் தொட்டாள்.

"அப்ப நான் எடுத்தது தப்பில்லையா மேடம்?"

"தப்பில்லம்மா. நீ வாங்கிக் குடுத்தது ஏரிப் பக்கமே போவல."

காலையிலிருந்து மரத்துக் கிடந்த முகம் அப்போதுதான் கோணியது. அப்படியே தரையில் உட்கார்ந்து வேணி வாய்விட்டு அழுதாள். பரிமளா அவளை அழவிட்டாள். அது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

ஜீப்பில் ஏறும்போது பாண்டுரங்கன் உலர்ந்த குரலில் கேட்டார்.

"எந்த ஸ்டேஷனுக்கு மேடம்?"

"பேசாம ஏறுங்க. பூஜை போட்ட உங்க மிஷினே 'முடிந்தால் திரும்பவும்'னு சொல்லியும் இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. மீதி தூரத்துக்கு ஏட்டய்யா வழி சொல்லுவார்."