மேபல் கடித்த பிஸ்கட்

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. மாநிலச் சட்டமன்றத்தின் மூன்றாம் மாடியில், செனட்டர் லூசில் அமரோவின் அறையில், மேபல் என்ற நாய் செத்துக் கிடந்தது.

சபைக் காவலின் சார்ஜென்ட் நோரீன் டிப்பெட்ஸ் மண்டியிட்டுப் பார்த்தாள். பூனை அளவு உடம்பு. நாக்கு வாயோரமாகச் சரிந்து தொங்கியது. பக்கத்தில் கூழ் மாதிரி கொஞ்சம் வாந்தி. நாற்காலிக்கடியில் எலும்பு வடிவ பிஸ்கட் ஒன்று, முழுசாக, ஈரமாக.

பதினோரு மணிக்குக் குழு கூட வேண்டும். பெட்டை நாய்களைக் கூண்டிலேயே அடைத்துக் குட்டி போட வைக்கும் பண்ணைகளை அரசு சோதனைக்குக் கொண்டுவரும் மசோதா. ஜனநாயகக் கட்சியின் லூசிலும் குடியரசுக் கட்சியின் வால்ட் ஹெக்ஸ்டாடும் சேர்ந்து எழுதியது. வேறெதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதற்காக இரண்டு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அப்படியொரு பண்ணையில் எட்டு வருடம் கிடந்த மேபலைக் குழுவின் முன் நிறுத்துவதாக இருந்தார்கள்.

10.00. கால்நடை மருத்துவர் குனிந்து முகர்ந்தார். பூண்டு வாடை. வயல் எலிக்கு வைக்கும் விஷம் என்றார். வாசலோர மேஜையில் இருந்த பையில் மிச்சமிருந்த பிஸ்கட்டுகளில் வாடை இல்லை.

லூசிலின் உதவியாளர் ஜோலின் அழுதுகொண்டிருந்தாள். காப்பகத்திலிருந்து நாயை நேற்று மாலை கூட்டி வந்து, இரவு தன் வீட்டில் வைத்திருந்தவள் அவள்தான்.

"எட்டு மணிக்கு டென்ஹோம் வந்தாரு. நாய்ப் பண்ணைக்காரங்க சங்கத்து ஆளு. எல்லா ரூமுக்கும் ஒரு பை நாய் பிஸ்கட் குடுத்தாரு."

"அப்புறம்?"

"நகல் எடுக்கப் போனேன். எட்டே முக்காலுக்குத் திரும்பி வந்தா, மேபல் அந்த பிஸ்கட்டை மொறுமொறுன்னு கடிச்சிட்டிருந்துச்சு. பிடுங்கிப் போட்டிருக்கணும் நான்."

அவள் எடுத்த நகல்கள் மேஜையில் அடுக்கியிருந்தன. நோரீன் மேல்தாளைப் படித்தாள். பண்ணைகளைச் சோதிப்பது பற்றியல்ல, ஒட்டுமொத்தமாக மூடுவது பற்றிய திருத்தம்.

டென்ஹோம் அலட்டிக்கொள்ளவில்லை. பையை வாசலோர மேஜையில் வைத்துவிட்டுப் போனதாகவும் நாயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றும் சொன்னான்.

"இன்னிக்கு இந்த நாய் செத்தா யார் தலை உருளும், சார்ஜென்ட்? என் தலைதானே. அதுகூடத் தெரியாமலா இருபது வருஷம் இங்க குப்பை கொட்டுறேன்?"

வால்ட் மாட்டுப் பண்ணைக்காரர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கேட்காததையும் தானே சொன்னார். மசோதாவைக் கைவிடச் சொல்லிக் கட்சித் தலைமை நெருக்குவது உண்மை. அவருடைய வண்டியில் எலி மருந்து மூட்டை இருப்பதும் உண்மை.

"எட்டரைக்கு மேபலைப் பார்க்க வந்தேன். ரூம்ல யாருமில்ல. மேஜைப் பையிலேருந்து ஒரு பிஸ்கட் எடுத்து வெச்சேன். நக்கிப் பார்த்துட்டு விட்டுடுச்சு. எங்க வீட்டு நாயா இருந்தா என் விரலையும் சேர்த்துத் தின்னிருக்கும்."

10.20. செய்தி கசிந்துவிட்டது. பண்ணைக்காரர்கள் நாயைக் கொன்றுவிட்டார்கள் என்று நிருபர்கள் எழுதத் தொடங்கினார்கள். எதிர்த்து நின்ற மூன்று உறுப்பினர்கள், பண்ணைகளையே மூடிவிடலாம் என்று இறங்கி வந்தார்கள்.

நோரீன் திரும்பவும் மண்டியிட்டு, உறை போட்ட விரலால் நாயின் உதட்டைத் தூக்கினாள். பிறகு எல்லோரையும் உள்ளே அழைத்தாள்.

"மேபலுக்கு ஒரு பல்லும் இல்ல. கூண்டுலேயே எல்லாம் அழுகி விழுந்திருக்கு. அதனாலதான் நாக்கு வெளிய தொங்குது. செனட்டர் ஹெக்ஸ்டாட் வெச்ச பிஸ்கட்டை நக்கிட்டு விட்டதும் அதனாலதான். வாந்தி கூழா இருக்கு, செத்தது ஊற வெச்ச பிஸ்கட்டைத் தின்னு. பல்லில்லைன்னு தெரிஞ்சவங்கதான் ஊற வெச்சிருக்கணும். ஹெக்ஸ்டாடுக்குத் தெரியாது. டென்ஹோம் நாயையே பார்க்கல." அவள் ஜோலின் பக்கம் திரும்பினாள். "நேத்து ராத்திரி அதுக்கு ஊட்டி விட்டது நீங்க. அது மொறுமொறுன்னு கடிச்சதுன்னு சொன்னதும் நீங்க."

ஜோலின் அழுகையை நிறுத்திவிட்டு லூசிலையும் வால்டையும் பார்த்தாள்.

"வருஷத்துக்கு ரெண்டு சோதனை. அதுக்காகவா இத்தனை பாடு? நீங்க ரெண்டு பேரும் கைகுலுக்கிக்க எல்லாத்தையும் விட்டுக் குடுத்தீங்க. ஒரு கிழட்டு நாய், எப்படியும் இந்தக் கோடையைத் தாண்டாது. அது போனா மிச்சமுள்ளதுங்க வெளிய வரும்னு நெனச்சேன்." குரல் தேய்ந்தது. "கையில வெச்சுத்தான் ஊட்டினேன். வாலை ஆட்டுச்சு."

உண்மையைச் சொன்னால் வந்த வாக்குகள் போய்விடும் என்பது லூசிலுக்கும் வால்டுக்கும் தெரியும். சொல்லாவிட்டால் டென்ஹோமின் கதை முடிந்தது.

"எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது," என்றாள் லூசில்.

"எனக்கும்தான்," என்றார் வால்ட். "வா, போகலாம்."

11.00. இருவரும் குழுவின் முன் அருகருகே நின்று நடந்ததைச் சொன்னார்கள். நண்பகலுக்குள் மசோதா இரண்டு வாக்கில் தோற்றது.

மாலை வால்டின் பண்ணையில் மண் உறைந்து கல்லாகியிருந்தது. அவர் கடப்பாரையால் குத்தினார். லூசில் மண்வெட்டியால் தள்ளினாள். அந்தச் சின்ன உடம்புக்கான குழியைத் தோண்ட அவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.